நீர் புகாக் காலணி: சொல்லும் பொருளும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரிலோ, மயிலாப்பூர் லஸ் முனையிலோ ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். "மழைக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், கடைக்காரர் பல வகைகளை எடுத்து வைப்பார். துளையிட்ட பிளாஸ்டிக் செருப்பு, மூடிய ரப்பர் ஷூ, முழங்கால் வரை உயர்ந்த கம்பூட், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மலையேறும் பூட்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடைசி மூன்றின் அட்டைப் பெட்டியிலும் பெரும்பாலும் ஒரே சொல் அச்சாகியிருக்கும்: 'வாட்டர்புரூஃப்'. நீர் புகாதது என்று பொருள்.

இந்தச் சொல்லைத்தான் இக்கட்டுரை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறது. அது பொய் என்று சொல்ல வரவில்லை. முடியாமல் நிற்கும் வாக்கியம் என்று சொல்ல வருகிறேன். எந்த நீர் புகாது? எவ்வளவு ஆழம் வரை? எவ்வளவு நேரத்துக்கு? உள்ளே காலில் சுரக்கும் வியர்வை எந்த வழியாக வெளியேறும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாத 'நீர் புகாதது' என்ற சொல், அலகு இல்லாத எண்ணைப் போன்றது. "என் வீடு பத்து தூரத்தில் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்வோம்?

இது வெறும் சொல் ஆராய்ச்சியன்று. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் பல தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. அந்த நீர் குற்றால அருவி நீர் அன்று. சாக்கடையும் எண்ணெயும் எலியின் சிறுநீரும் கலந்த நீர். அதில் காலை வைத்தே ஆகவேண்டியவர்களுக்குக் காலணி என்பது உடல்நலம் பற்றிய கேள்வி.

நீர் புகும் வழி

ஒரு காலணிக்குள் நீர் மூன்று வழிகளில் புகலாம். முதலாவது, அது செய்யப்பட்ட பொருளிலுள்ள நுண்துளைகள். இரண்டாவது, தையல் துளைகளும் ஒட்டுகளும். மூன்றாவது, நாம் காலை நுழைக்கும் வாய். விளம்பரங்கள் முதல் வழியைப் பற்றியே பேசுகின்றன. நாம் மூன்றையும் பார்ப்போம்.

பருத்தித் துணியின் ஒரு முனையை நீரில் நனைத்தால் ஈரம் மேலே ஏறுவதை அறிவோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதிப்படிதான். பருத்தியை நீர் ஈரமாக்குகிறது. எனவே அதன் இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் நீரை உறிஞ்சி இழுக்கின்றன. அதே துணிக்கு மெழுகு பூசினால் நிலைமை தலைகீழாகிறது. மெழுகுப் பரப்பில் நீர்த்துளியின் தொடுகோணம் 90 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. இப்போது நுண்துளை நீரை உள்ளே இழுப்பதற்கு மாறாக வெளியே தள்ளுகிறது. நீரை வலிந்து புகுத்த அழுத்தம் தேவைப்படுகிறது.

எவ்வளவு அழுத்தம்? மேனிலைப் பள்ளி மாணவர்கள் அறிந்த வாய்பாடுதான் இது. பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, தொடுகோணத்தின் கொசைன் மதிப்பாலும் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுக்க வேண்டும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். தொடுகோணத்தை 110 டிகிரி என்று கொள்வோம். கணக்கைப் போட்டால் கிடைப்பது இது:

துளையின் விட்டம் 1 மி.மீ. என்றால், அது தாங்கும் நீரின் உயரம் ஏறத்தாழ 1 செ.மீ.

விட்டம் 0.2 மி.மீ. என்றால், 5 செ.மீ.

விட்டம் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், 10 மீட்டர்.

விட்டம் எத்தனை மடங்கு சிறுக்கிறதோ, தாங்கும் உயரம் அத்தனை மடங்கு பெருகுகிறது. இந்தச் சிறிய கணக்கு பல விளம்பரங்களை எடைபோடப் போதுமானது. மெழுகு பூசிய சாதாரணத் துணி சாரல் மழையைத் தாங்கும். முழங்கால் அளவு நீரைத் தாங்காது. ஏனெனில் 45 செ.மீ. நீரின் அழுத்தத்துக்கு 5 செ.மீ. தாங்கும் துளை ஈடுகொடுக்க முடியாது. அதைவிட முக்கியம் தையல். செருப்புத் தைக்கும் ஊசி தோலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையைப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு எத்தனை மெழுகு பூசினாலும் அந்தத் துளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் காவல் காக்காது. துளையை நூல் அடைத்துக்கொள்ளும் என்பீர்கள். ஆனால் பருத்தி நூலே ஒரு திரி. அது நீரை உள்ளே அழைத்துக்கொண்டு வரும்.

இன்னொரு செய்தியை அட்டைப் பெட்டி சொல்வதில்லை. மேலே கணக்கிட்டது தூய நீருக்கு. சோப்பும் எண்ணெயும் கலந்தால் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும், தொடுகோணமும் குறையும். வெளியே தள்ளிக்கொண்டிருந்த அதே துளை அப்போது உள்ளே இழுக்கத் தொடங்கலாம். குழாய் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டும் கடைச் சோதனை, நம் தெருவில் தேங்கும் நீருக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

தோலும் ரப்பரும்

தோல் நீருக்குப் பகை என்பது பொதுவான எண்ணம். நம் நாட்டுக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். மாடுகள் இழுத்த கவலையில் நீரை மேலே கொண்டுவந்தது தோலால் ஆன பைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்தபோது, அவர் எண்ணியிருந்த பயன்களுள் இந்தக் கவலைத் தோலும் ஒன்று. அதற்கு முன் நம் பகுதியில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவதே வழக்கம்.

ஆனால் நீரைத் தாங்குவது வேறு, நீர் புகாமலிருப்பது வேறு. கவலைத் தோல் முழுக்க நனைந்துதான் வேலை செய்தது. வழியில் கொஞ்சம் கசிந்தால் உழவர் வருந்துவதில்லை. தோல் என்பது பின்னிப் பிணைந்த புரத இழைகளின் பாய். அந்த இழைகளுக்கு இடையே காற்றும் ஆவியும் செல்ல வழியுண்டு. அதனால்தான் தோல் செருப்பு காலுக்கு இதமாக இருக்கிறது. அதே வழியில்தான் நீரும் வருகிறது.

வழியையே அடைத்துவிட்டால் என்ன என்று எண்ணியவர்கள் ரப்பரை நாடினார்கள். 1823இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மேக்கின்டாஷ், ரப்பர்க் கரைசலை இரு துணிகளுக்கு இடையே பூசி மழைத்துணி செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அக்காலத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். நீண்ட ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தக அணுக்கள் ஆங்காங்கே பாலமிட்டுக் கட்டிவிடுகின்றன. இன்றைய கம்பூட் இந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு. ஒரே அச்சில் வார்த்த கம்பூட்டில் நுண்துளையும் இல்லை, தையலும் இல்லை. முதல் இரு வழிகளும் அடைபட்டுவிட்டன. இந்த அளவில் கம்பூட் தன் பெயருக்கு நேர்மையானது.

மூச்சு விடும் பூட்ஸ்

விலை உயர்ந்த பூட்ஸ்களில் காணப்படும் இன்னொரு வாசகம், 'நீர் புகாது. ஆனால் மூச்சு விடும்' என்பது. இதன் பின்னால் உண்மையான அறிவியல் சாதனை ஒன்று இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டி, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வாக மாற்றினார். அந்தத் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நாம் மேலே போட்ட கணக்கின்படி, பத்து மீட்டர் நீரின் அழுத்தத்தையும் அவை தாங்கும். நீராவியின் தனி மூலக்கூறுகளோ அந்தத் துளைகளைவிட மிகச் சிறியவை. தாராளமாகக் கடந்து போகும். நீர்த்துளிக்குக் கதவு அடைப்பு, ஆவிக்குக் கதவு திறப்பு. பாராட்ட வேண்டிய அமைப்புத்தான்.

அது சென்னையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே ஆவி அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். வியர்த்த கால் 34 டிகிரி செல்சியசில் இருக்கிறது என்று கொண்டால், அங்கே தெவிட்டிய ஆவி அழுத்தம் ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம். இமயமலைச் சாரலில் வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், வெளிக்காற்றின் ஆவி அழுத்தம் 4 மி.மீ. அளவே. வேறுபாடு 36 மி.மீ. சென்னையில் மழை பெய்யும் மாலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், வெளியே ஆவி அழுத்தம் ஏறத்தாழ 23 மி.மீ. வேறுபாடு 17 மி.மீ. மட்டுமே. ஆவியை வெளியே தள்ளும் விசை பாதிக்கும் கீழாகிவிட்டது. இங்கே காலில் சுரக்கும் வியர்வையோ அங்கே சுரப்பதைவிட அதிகம். வரவு கூடி, வடிகால் குறுகிய ஏரியின் நிலைதான் பூட்ஸின் உள்ளே.

அத்துடன் முடியவில்லை. பூட்ஸின் வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால், சவ்வின் வெளிப்புறத்தை நீர்ப்படலம் மூடிக்கொள்கிறது. வெளியேற்றம் மேலும் தடைபடுகிறது. வீடு திரும்பிய பிறகு காலுறை நனைந்திருப்பதைக் கண்டு, "நீர் புகுந்துவிட்டது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பல வேளைகளில் அது மழை நீராக இராது. அவரவர் வியர்வையாகவே இருக்கும்.

பெட்டியில் '10,000 மி.மீ.' என்பது போன்ற எண்ணைக் கண்டால் அதன் பொருளையும் அறிந்துகொள்ளுங்கள். துணியின் ஒரு துண்டை இறுகப் பிடித்து, அதன் ஒரு புறத்தில் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். மறுபுறம் துளிகள் தோன்றும் நிலையில் அழுத்தத்தை நீர்மட்டத்தின் உயரமாகக் குறிக்கிறார்கள். அது புதிய, மடியாத, தையலற்ற துணித்துண்டின் எண். தையலும் ஒட்டும் கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் விரல் மூட்டில் மடியும் பூட்ஸின் எண் அன்று.

எல்லாவற்றிலும் பெரிய துளை

மைக்ரான் அளவுத் துளைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். காலணியின் மிகப் பெரிய துளை அதன் வாய். கணுக்கால் வரை உயர்ந்த பூட்ஸுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஆழம் எல்லை. கம்பூட்டுக்கு 35 செ.மீ. அதற்கு மேல் ஒரு விரற்கடை நீர் ஏறினாலும், 10,000 மி.மீ. எண்ணுக்குப் பொருளில்லை.

நீர் உள்ளே வந்ததும் இன்னொரு தீமை நேர்கிறது. நீர் புகாத பொருள், நீரை வெளியேயும் விடாது. காலணி வாளியாகிவிடுகிறது. காலின் பருமன் போக எஞ்சிய இடத்தில் இரண்டு லிட்டர் நீர் தங்கினால், காலை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ எடையைச் சேர்த்துத் தூக்குகிறோம். ஓட்டமுள்ள நீரில் நிலைதடுமாற இது போதும். துளையிட்ட சாதாரணச் செருப்போ நனைந்த மறுகணமே நீரை வடித்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ரப்பர் மின்கடத்தாப் பொருள் என்று பாடத்தில் படித்த மாணவர், கம்பூட் அணிந்தால் மின்கம்பி அறுந்து விழுந்த நீரில் நடக்கலாம் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. கறுப்பு ரப்பரில் மின்சாரத்தைக் கடத்தும் கரித்தூள் கலந்திருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறது. ஒரு சிறு துளையோ, வாய்க்கு மேல் ஏறிய நீரோ போதும். மின்பணியாளருக்கான காலணி தனியாகச் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்படுவது. மழைக் கம்பூட் அதற்கு மாற்றாகாது.

யாருடைய குறை?

கம்பூட்டை இன்றியமையாத தேவையாகக் கொண்டவர்கள் நம் தூய்மைப் பணியாளர்கள். 2015 வெள்ளம் வடிந்தபின் சென்னையின் குப்பையையும் சேற்றையும் அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்தும் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் வழியாகக் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர், காலிலுள்ள சிறு வெட்டு, சிராய்ப்பு, ஊறிய தோல் வழியே உடலுக்குள் புகுந்து எலிக் காய்ச்சலை உண்டாக்கும். சேற்றுப்புண் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் விரலிடைப் புண், இதைப் போன்ற நோய்களுக்கு வாசலாக அமையலாம்.

"கம்பூட் கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை" என்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சைத்தான் நான் இங்கே மறுக்கிறேன். கம்பூட்டின் முதல் இரு வழிகளும் முழுக்க அடைபட்டவை என்றோம். அப்படியானால் வியர்வைக்கும் வழியில்லை. அதிகாலை முதல் நண்பகல் வரை நடந்து, குனிந்து, வண்டியில் ஏறி இறங்கி உழைக்கும் ஒருவருடைய கால், தன் வியர்வையிலேயே ஊறுகிறது. ஊறிய தோல் உரிகிறது. சேற்றுப்புண்ணைத் தடுக்கக் கொடுத்த காலணியே சேற்றுப்புண்ணை வளர்க்கிறது. அளவு பெரிதானால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் உண்டாகிறது. ஆண்களின் அளவில் வாங்கிய பூட்டைச் சிறிய பாதமுள்ள பெண் பணியாளர் அணிய நேர்ந்தால் இது உறுதி. நேற்றைய ஈரம் காயாத பூட்டை இன்று காலை மீண்டும் மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவையும் அறிந்த பணியாளர் அதைக் கழற்றி வைத்தால் அது அலட்சியமன்று. தன் காலைத் தானே சோதித்து அவர் கண்ட முடிவு அது.

ஆகவே கம்பூட் மட்டும் கொடுப்பது பாதி வேலை. ஒருவருக்கு இரண்டு ஜோடி, மாற்றிக்கொள்ளக் காலுறைகள், அவரவர் பாதத்தின் அளவு, பணி முடிந்ததும் கழுவிக் காயவைக்க ஓர் இடம், கிழிந்ததை உடனே மாற்றும் ஏற்பாடு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பாகும். இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மலத்தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நச்சு வாயு. எந்தக் கம்பூட்டும் அந்த வேலைக்கு நியாயம் ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் எங்கே நடக்கப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் பள்ளிக்கோ, அலுவலகத்துக்கோ போய் வருபவருக்கு, என் கருத்தில், மூடிய 'வாட்டர்புரூஃப்' ஷூ தேவையில்லை. குதிகாலைப் பட்டையால் பிடித்துக்கொள்ளும், அடியில் ஆழமான வரிகள் கொண்ட, நீர் வடிந்து சீக்கிரம் உலரும் செருப்பே ஏற்றது. அது நீரைத் தடுப்பதில்லை. தேக்கி வைப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. காலில் புண்ணோ வெட்டோ இருந்தால் அதை அணிந்து தெருநீரில் இறங்கக்கூடாது. இறங்க நேர்ந்தால் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். மழை நாட்களில் நனைந்த தோல் ஷூவும் காலுறையுமாக மாணவர்களை மாலை வரை உட்கார வைக்கும் பள்ளிகள், அந்நாட்களில் மட்டுமாவது செருப்பை அனுமதிப்பது நல்லது. ஒழுங்குக்கு அதனால் குறை வந்துவிடாது.

நீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்பவருக்குக் கம்பூட்தான். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். ரப்பர்ப் பூட்டுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி. பூட்டுக்கு ஐ.எஸ். 12254 என்ற இந்தியத் தர எண்கள் உண்டு. காலுறை அணிந்து, மாலை நேரத்தில், இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள்; பகல் முழுதும் நடந்த பாதம் மாலையில் சற்றுப் பெருத்திருக்கும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. விரல்கள் முன்புறம் இடிக்கவும் கூடாது.

சவ்வு வைத்த பூட்ஸை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ இமயத்துக்கோ நடைப்பயணம் போகிறவர் வாங்கட்டும். குளிர்ந்த காற்றில் அது தன் விலைக்கு ஏற்ற வேலையைச் செய்யும். ரங்கநாதன் தெரு நெரிசலில் நடப்பதற்கு அந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பேணும் முறை

காலணி நீரில் நனைவதால் கெடுவதைவிட, நனைந்தபின் நாம் செய்யும் தவறுகளால் கெடுவதே அதிகம்.

ஒன்று: தெருநீரில் போய்வந்த காலணியை அன்றே நல்ல நீரில் கழுவுங்கள். சோப்பு போட்டால் அது முற்றிலும் போகும்வரை அலசுங்கள். மீதமிருக்கும் சோப்பு, பரப்பு இழுவிசையைக் குறைத்து நீருக்கே வழிவிடும் என்பதை முன்னரே பார்த்தோம்.

இரண்டு: உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்றில் நிழலில் உலரட்டும். அடுப்பருகிலோ, உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள். ஈரத் தோலைச் சூடாக்கினால் அதன் புரத இழைகள் சுருங்கி, தோல் விறைத்து வெடிக்கும். ஒட்டுப் பசை இளகும். ரப்பரைப் புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் அரித்து மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும்.

மூன்று: தோல் காலணி முக்கால்வாசி உலர்ந்ததும் மெழுகு கலந்த பாலிஷை மெல்லியதாகத் தடவுங்கள், தையல் வரிகளில் சற்றுக் கூடுதலாக. மழைக்காலத்தில் தோலின் மேல் வெண்மையாகப் படர்வது பூஞ்சணம். உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, காற்றில் வைத்து, பிறகு பாலிஷ் போடுங்கள்.

நான்கு: கம்பூட்டில் துளை இருக்கிறதா என்று பார்க்க, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கும் முறையே போதும். பூட்டின் வாயை மடித்து இறுகப் பிடித்துக்கொண்டு, வாளி நீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம் துளை. ரப்பர்ப் பூட்டு என்றால் சைக்கிள் கடைக்காரரின் ஒட்டும் சொல்யூஷனுமே பிடிக்கும். பி.வி.சி. பூட்டில் அது பிடிக்காது. அதற்குரிய பசை வேண்டும்.

ஐந்து: விலையுயர்ந்த பூட்ஸை 'மழைக்கு மட்டும்' என்று பிளாஸ்டிக் பையில் கட்டி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம், காற்றின் ஈரத்துடன் மெல்ல வினைபுரிந்து சிதைகிறது. நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்து எடுத்து மாட்டினால் அடிப்பாகம் ரஸ்க் போல உதிர்ந்துவிடலாம். அவ்வப்போது வெளியே எடுத்து, அணிந்து, காற்றாட வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

குளிர்நாட்டார் அணியும் தோல் காலணிகளை ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம்மவர்கள் தைத்து அனுப்புகிறார்கள். 1948 முதல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. நம் வெப்பத்தையும், நம் ஈரக்காற்றையும், நம் தெருநீரையும் கணக்கில் கொண்டு, தூய்மைப் பணியாளர் எட்டு மணி நேரம் அணியக்கூடிய மழைக் காலணி ஒன்றை வடிவமைப்பது இந்த ஊருக்கு எட்டாத காரியமன்று. பொறியியலும் இயற்பியலும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுப் பொருள் வேறு வேண்டுமா?

தொடக்கமாக ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பாருங்கள். சமையலறைத் தராசில் உங்கள் காலணியையும் காலுறையையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீண்டும் நிறுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும், வெளியேற வழியில்லாமல் தங்கிய உங்கள் வியர்வை. திறந்த செருப்பு, தோல் ஷூ, ரப்பர் ஷூ என்று மாற்றி மாற்றிச் செய்து, எண்களை ஓர் அட்டவணையாக எழுதுங்கள். அடுத்த முறை கடைக்காரர் "இது வாட்டர்புரூஃப் சார்" என்று சொல்லும்போது, அந்த அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: "எத்தனை செ.மீ. வரை? எவ்வளவு நேரம்? வியர்வைக்கு வழி எது?"